பீலெஃபெல்ட் டயரி: கப்பலேறப் போறீங்களா? முதல்ல மேப்பை எடுங்க

போன மாசத்துல மட்டும் மூணு பேர் கேட்டாச்சு. "அப்பா அம்மா ஜெர்மனிக்கு வராங்க, ஒரு வாரம் கப்பல்ல கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன், நீ போயிட்டு வந்தியாமே, எப்படிப் பண்ணின?" மூணு பேருக்கும் தனித்தனியா ஃபோன்ல கதாகாலட்சேபம் பண்ணி தொண்டை கட்டினதுதான் மிச்சம். அதனால இந்த வார டயரி முழுக்க கப்பல்தான் மக்களே.

கடலே இல்லாத பீலெஃபெல்ட்ல உக்காந்துகிட்டு கப்பலைப் பத்தி உனக்கென்னடா தெரியும்னு கேக்காதீங்க. இந்த ஊரு புட்டிங் பவுடர் கம்பெனி டாக்டர் ஓட்கர் இருக்காங்களே, அந்தக் குடும்பத்துகிட்டதான் ஹாம்பர்க் ஸூட்ங்கிற பெரிய கப்பல் கம்பெனி ரொம்ப வருஷம் இருந்துச்சு. 2017-லதான் மெர்ஸ்க்குக்குக் கைமாறிச்சு. கேக் மாவுக்கும் கப்பலுக்கும் சம்பந்தம் உள்ள ஊர், அந்தக் காத்து எனக்கும் கொஞ்சம் பட்டிருக்கும் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். முதல்ல நான் வாங்கின அடியைச் சொல்லிடறேன். இந்தப் பதிவுல அதுதான் முக்கியம், மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி வர்ற வால்.

2024 நவம்பர்ல ஒரு தள்ளுபடி விற்பனை. ஹாம்பர்க்லேர்ந்து பத்து ராத்திரி, வட கடல், நார்வே, மூணு பேர் ஒரே கேபின். போட்டோல பச்சை மலை, நடுவுல நீலத் தண்ணி, வெள்ளைக் கப்பல். அப்பா அம்மா 2025 ஜூன்ல வரதா பேச்சு. யோசிக்காம முன்பணத்தைக் கட்டிட்டேன். நிறுத்தங்கள் பட்டியல்ல கிர்க்வால்னு ஒரு ஊர் இருந்துச்சு. பேரைப் பாருங்க, கிர்க்வால். நார்வேக்காரன் வெச்ச பேர் மாதிரியே இல்ல? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ஜனவரி கடைசில விசாவுக்குப் பேப்பர் தயார் பண்ணும்போது, கூட தங்கியிருக்கிற நண்பன் ஒருத்தன் பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தான். "கிர்க்வால் எந்த நாட்டுல இருக்கு?"ன்னான். "நார்வே"ன்னேன். மேப்பைத் திறந்து என் முன்னாடி நீட்டினான். ஆர்க்னி தீவு. ஸ்காட்லாந்து. அதாவது பிரிட்டன். அதாவது ஷெங்கனுக்கு வெளிய.

புரியாதவங்களுக்கு: இந்தியப் பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்க பிரிட்டன்ல கால் வைக்கணும்னா தனி விசா வேணும், அதுக்குத் தலைக்கு நூறு பவுனுக்கு மேல. அது மட்டும் இல்ல. கிர்க்வால்ல நின்னுட்டு அடுத்து பெர்கன் போனா, ஷெங்கனை விட்டு வெளிய போயிட்டு திரும்ப உள்ள வரீங்கன்னு கணக்கு. ஒரு தடவை மட்டும் நுழையற விசான்னா அத்தோட கதை முடிஞ்சுது. "நான் இறங்கவே மாட்டேன், கப்பல்லயே உக்காந்திருக்கேன்"னு சொன்னாலும் பல கம்பெனிகள் ஒத்துக்காது. வழியில இருக்கற எல்லா நாட்டு விசாவும் கையில இருந்தாதான் ஏணியிலயே ஏத்துவாங்க.

இதுல இன்னொரு குழி இருக்கு. நான் புக் பண்ணின பக்கத்துல "பிரிட்டனுக்கு இ.டி.ஏ. இருந்தால் போதும்"னு தெளிவா எழுதியிருந்துச்சு. ஆன்லைன்ல அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அது யாருக்கு? ஜெர்மன்காரங்களுக்கு! 2025 ஏப்ரல் 2-லேர்ந்து ஐரோப்பியர்களுக்குத்தான் அந்த இ.டி.ஏ. நமக்கு அது செல்லாது, முழு விசாதான். ஜெர்மன் தளத்துல இருக்கற "நுழைவு விதிகள்" பக்கம் அனேகமா ஜெர்மன் குடிமக்களை மனசுல வெச்சு எழுதினது. அதைப் படிச்சிட்டு நிம்மதியா தூங்கிடாதீங்க.

சரி, ரத்து பண்ணிடலாம்னு போனேன். "ஆன்லைன்ல வாங்கினா 14 நாள்ல காரணம் சொல்லாம திருப்பலாமே"ன்னு ஒரு புத்திசாலி சொன்னான். 14 நாள் எப்பவோ தாண்டிருச்சுன்றது ஒரு பக்கம். அந்தச் சட்டம் பயணப் பேக்கேஜுக்குக் கிடையவே கிடையாதுன்றது இன்னொரு பக்கம். சட்டைக்கு உண்டு, செருப்புக்கு உண்டு, கப்பல் பயணத்துக்கு இல்லை. வாங்கற பட்டனை அமுக்கினா அமுக்கினதுதான். ரத்துக் கட்டணம் நாள் நெருங்க நெருங்க ஏறும். நான் போன நேரத்துல ரத்து பண்றதை விட வேற பயணத்துக்கு மாத்திக்கறது கொஞ்சம் லாபம்னு தெரிஞ்சுது. மாத்தினேன். கணக்குப் போட்டா 412 யூரோ போச்சு. அப்போ இங்க குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. அதாவது முப்பத்திரண்டு மணி நேரம் நான் கேன்டீன்ல தட்டு கழுவினது, ஆர்க்னி தீவுக்குப் போகாம இருக்கறதுக்காக.

அப்புறமா ஆத்திரத்துல அந்தத் தீவைப் பத்திப் படிச்சேன். கிர்க்வால்ங்கற பேர் நார்வேக்காரன் வெச்சதுதான், நான் நினைச்சது ஒண்ணும் தப்பில்ல. 1468-ல டென்மார்க்-நார்வே ராஜா முதலாம் கிறிஸ்டியன் பொண்ணை ஸ்காட்லாந்து ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தார். வரதட்சணைக் காசு கைல இல்ல. அதுக்கு ஈடா ஆர்க்னியை அடமானம் வெச்சார். மீட்கவே இல்ல, அப்படியே மூழ்கிப்போச்சு. ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மனுஷன் பொண்ணு கல்யாணத்துக்கு நகையைச் சேட்டுகிட்ட வெச்ச மாதிரி தீவை வெச்சார், அதுக்கு வட்டி நான் கட்டினேன்!

அதனால மக்களே, கப்பல் புக் பண்றவங்க பார்க்க வேண்டியது போட்டோ இல்ல, விலை இல்ல, நீச்சல் குளம் எத்தனைன்னு இல்ல. ஒரு பேப்பர் எடுத்து நிற்கிற ஊர் ஒவ்வொண்ணையும் எழுதி, பக்கத்துல நாடு, அதுக்குப் பக்கத்துல "ஷெங்கனா, இல்லையா"ன்னு எழுதுங்க. பத்து நிமிஷ வேலை. சில பொறிகளை நானே சொல்லிடறேன். நார்வே, ஐஸ்லாந்து ரெண்டும் ஐரோப்பிய யூனியன்ல இல்லேன்னாலும் ஷெங்கன், பயமில்லை. ஆனா நார்வேக்கே சொந்தமான ஸ்வால்பார்ட் ஷெங்கன் இல்லை! வடதுருவம் பக்கம் பனிக்கரடி பார்க்கப் போறேன்னு லாங்யர்பியன் போனா வெளிய போயிட்டு உள்ள வர கணக்குதான், பலமுறை நுழையற விசா வேணும். அதே மாதிரி டென்மார்க் ஷெங்கன், ஆனா அதோட கிரீன்லாந்தும் ஃபேரோ தீவுகளும் இல்லை. அயர்லாந்து இல்லை. தெற்க போனா குரோவேஷியா 2023 ஜனவரி 1-லேர்ந்து உள்ள வந்துடுச்சு, ஆனா அதே கப்பல் அடுத்த நாள் நிக்கற மான்டநீக்ரோ கோட்டோர் வெளிய. துருக்கி, துனீசியா சொல்லவே வேணாம். பால்டிக் பக்கம் முன்னாடி செயின்ட் பீட்டர்ஸ்பர்க்தான் ராஜா, 2022-க்கு அப்புறம் அதை எல்லாரும் தூக்கிட்டாங்க. அதனால இப்போ பால்டிக் பயணம் பெரும்பாலும் ஸ்டாக்ஹோம், தாலின், ஹெல்சிங்கின்னு முழுக்க ஷெங்கனுக்குள்ளயே முடிஞ்சிடுது. நமக்கு அது வசதி.

இங்க படிக்கற நமக்கு வேற கதை. ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருந்தா மத்த ஷெங்கன் நாடுகள்ல 180 நாளுக்கு 90 நாள் சுத்தலாம். அட்டை மட்டும் பத்தாது, பாஸ்போர்ட்டும் கையில வேணும். அட்டை முடிஞ்சு புதுப்பிக்கக் கொடுத்துட்டு அந்த மடிச்ச தற்காலிகக் காகிதத்தோட சுத்திட்டிருக்கீங்கன்னா கொஞ்சம் நில்லுங்க. அதுல எந்தக் கட்டத்துல டிக் போட்டிருக்குன்றதைப் பொறுத்து வெளிய போனா திரும்ப வர முடியுமா இல்லையான்றது மாறும். வெளிநாட்டவர் அலுவலகத்துல எழுத்துல கேட்டு வாங்கிக்கிட்டு அப்புறம் காசு கட்டுங்க.

அப்பா அம்மாவுக்கு என்னோட சிபாரிசு: முதல்ல விசா, அப்புறம் கப்பல். "முன்னாடியே புக் பண்ணினா மலிவு"ன்னு எல்லாரும் சொல்வாங்க, நெசம்தான். ஆனா ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன்லேர்ந்து கட்டணம் 90 யூரோ, விசா கிடைக்காட்டியும் திரும்ப வராது. அவங்க பெரும்பாலான நாள் பீலெஃபெல்ட்ல நம்ம கூட இருக்கப்போறாங்கன்னா ஜெர்மன் விசாதான். விசா வந்ததும் அதுல எத்தனை தடவை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம்னு ரெண்டு கட்டத்தையும் பார்த்துட்டு, முழுக்க ஷெங்கனுக்குள்ள ஓடற கப்பலாத் தேடினா பிரச்சனையே இல்ல. முன்னாடியே புக் பண்ணித்தான் தீரணும்னா, கட்டணம் இல்லாம தேதி மாத்தற வகை டிக்கெட்டா பாருங்க, கொஞ்சம் விலை கூடுதலா இருந்தாலும். பயண ரத்து இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. உடம்பு சரியில்லாமப் போனா தருவான், விசா மறுத்துட்டாங்கன்னா பெரும்பாலான பாலிசில தரமாட்டான்.

அப்புறம் பேர்ப் பிரச்சனை. இது தமிழனுக்கே உண்டான தலைவலி. அப்பா பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் கட்டம் காலி. இனிஷியலை விரிச்சு ஒரே கட்டத்துல ரெண்டு பேரையும் சேர்த்துப் போட்டிருக்காங்க. அம்மா பாஸ்போர்ட்ல அப்பா பேர்தான் குடும்பப் பேர். புக்கிங் பாரமோ குடும்பப் பேர் இல்லாம அடுத்த பக்கத்துக்கே நகராது. நான் ஃபோன் பண்ணிக் கேட்டு, அவங்க சொன்ன மாதிரி நிரப்பி, "பாஸ்போர்ட்ல இப்படி இருக்கு, டிக்கெட்ல இப்படி இருக்கு, சரிதான்"னு மெயில்ல ஒரு வரி வாங்கி அச்செடுத்து வெச்சுக்கிட்டேன். செக்-இன்ல அந்த ஒரு தாள்தான் காப்பாத்துச்சு. ஃபோன்ல "ஆமாம் ஆமாம்"னு சொன்னதெல்லாம் கணக்குல வராது.

விலை விஷயம். உள் கேபின் (ஜன்னல் கிடையாது), ஜன்னல் கேபின், பால்கனி கேபின்னு மூணு வகை. "கேபின் நம்பரை நாங்களே ஒதுக்குவோம்"னு ஒரு வகை உண்டு, அதுதான் சல்லிசு. ஒத்த ஆளாப் போனா ரெட்டை அறைக்கு ஏறக்குறைய ரெண்டு பேர் காசு கேப்பாங்க, அதனால தனியாப் போற மாணவர்களுக்கு இது கட்டுப்படியே ஆகாது. மூணு பேர் ஒரே கேபின்னா மூணாவது ஆளுக்கு நல்லாக் குறையும். சுவத்துலேர்ந்து இறங்கற மேல் பலகை எனக்கு, நம்ம ஊர் ரயில் அப்பர் பர்த் மாதிரியே. நாங்க உள் கேபின்தான் எடுத்தோம். ஜூன்ல நார்வே பக்கம் ராத்திரி பதினோரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜன்னல் கேபின்காரங்க தூக்கம் வராம அலைஞ்சாங்க, எங்களுக்கு கும்மிருட்டு. அம்மாதான் விடிஞ்சுதா இல்லையான்னே தெரியலன்னு புலம்பிட்டு பாத்ரூம் லைட்டைப் போட்டு வெச்சுத் தூங்கினாங்க.

டிக்கெட் காசுல படுக்கையும் பொது உணவகச் சாப்பாடும் அடக்கம். குடிக்கறது, வைஃபை, ஊர் சுத்திப் பார்க்கறது தனி. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம்னா அதை விளம்பர விலையிலயே சேர்த்துக் காட்டணும்னு ஜெர்மனியோட உச்ச நீதிமன்றம் 2015-ல தீர்ப்பு சொல்லிடுச்சு. அமெரிக்கத் தளத்துல மலிவாத் தெரியறதையும் ஜெர்மன் தளத்துல பார்த்த விலையையும் அப்படியே ஒப்பிட்டு ஏமாறாதீங்க. குடிபானப் பேக்கேஜ் சில கம்பெனில கேபின்ல இருக்கற பெரியவங்க எல்லாருமே வாங்கணும்பாங்க. காபியும் வெந்நீரும் குடிக்கற நம்ம பெத்தவங்களுக்கு அது தண்டம்.

புக் பண்ணினதும் பேக்கேஜ் காப்புறுதிச் சீட்டு ஒண்ணு வரும், ஜெர்மன்ல ஸிஷருங்ஸ்ஷைன்னு பேரு. அது வராம காசைக் கட்டாதீங்க. 2024 ஜூன்ல எஃப்.டி.ஐ.ன்னு பெரிய சுற்றுலாக் கம்பெனி திவாலானப்போ, பேக்கேஜா வாங்கினவங்களுக்கு அதுக்குன்னு இருக்கற நிதியத்துலேர்ந்து பணம் திரும்ப வந்துச்சு. ஓட்டலைத் தனியா வாங்கினவங்க கதி வேற.

இனி மூட்டை கட்டற படலம்.

அம்மா ஊர்லேர்ந்து வரும்போதே ஒரு குட்டி ரைஸ் குக்கரோட வந்துட்டாங்க. "ஒரு வாரம் அவங்க சாப்பாட்டையா சாப்பிடறது?" எவ்வளவோ சொன்னேன், கேக்கல. கப்பல்ல சூடு பண்ற சாமான் எதுவும் கூடாது. குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, பல சமயம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூட. எக்ஸ்ரேல பெட்டி போகும்போதே பிடிச்சு, சீட்டு ஒண்ணு கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கங்கன்னுட்டாங்க. அம்மா அந்தச் சீட்டை அடகுச் சீட்டு மாதிரி பர்ஸ்ல பத்திரமா வெச்சிருந்தாங்க. பருப்புப் பொடி, ஊறுகாய் சீல் வெச்ச பாக்கெட்டா இருந்தது, ஒண்ணும் சொல்லல. ஆனா இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டுக்கங்க.

சைவம்னா மூணு வாக்கியம் மனப்பாடம் பண்ணிக்கங்க: ஓஹ்ன ஃப்ளைஷ், ஓஹ்ன ஃபிஷ், ஓஹ்ன ஐ. கறி இல்லாம, மீன் இல்லாம, முட்டை இல்லாம. அதுக்கப்புறமும் ரெண்டு இடத்துல மாட்டுவீங்க. காய்கறி சூப்புன்னு போட்டிருக்கும், அடியில எலும்பு வேகவெச்ச தண்ணியா இருக்கும். அழகா ஆடிட்டிருக்கற புட்டிங்ல ஜெலட்டின் இருக்கும். புட்டிங் ஊர்க்காரன் சொல்றேன், கேட்டுட்டு எடுங்க. புக் பண்ணும்போதே உணவு முறையை எழுதிக் கொடுத்துட்டு, முதல் நாள் ராத்திரி உணவக மேற்பார்வையாளரைப் போய்ப் பாருங்க. கப்பல் சமையல்கட்டுல இந்தியர்கள் நிறைய. எங்களுக்கு நாகர்கோவில்காரர் ஒருத்தர் மாட்டினார். மூணாம் நாள் மத்தியானம் எந்தப் பட்டியல்லயும் இல்லாத தயிர் சாதம் ஒரு கிண்ணத்துல வந்துச்சு, மேல கடுகு கூட தாளிச்சிருந்தாங்க. அம்மா ரைஸ் குக்கரை அதோட மறந்துட்டாங்க.

மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு செட் துணி எல்லாம் கைப்பையில. பெரிய பெட்டியைத் துறைமுகத்துல வாங்கிட்டுப் போயிடுவாங்க, கேபின் வாசலுக்கு வர சாயங்காலம் ஆயிடும். குமட்டலுக்கு இங்க ஃபார்மசில வோமெக்ஸ் கிடைக்கும், ஊர்ல அவோமின்னு வாங்குவோமே அந்த மாதிரி. ரெண்டுமே தூக்கம் வரவழைக்கும். பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடற பெரியவங்கன்னா டாக்டரைக் கேக்காம கொடுக்காதீங்க. கேபின் கீழ்த்தளத்துல, கப்பலோட நடுப்பகுதில இருந்தா ஆட்டம் குறைவு. டென்மார்க்கைத் தாண்டி ஸ்காகெராக் கடல்ல எங்களுக்கு ஒரு ராத்திரி ஆடிச்சு. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. "வோமெக்ஸ் வாங்கிட்டேன், கவலைப்படாதீங்க"ன்னு பீத்திக்கிட்டிருந்த நான்தான் படுத்துட்டேன்.

கப்பல் டாக்டரைப் பார்த்தா பில் நேரா உங்க கணக்குலதான் ஏறும். நம்ம ஜெர்மன் மாணவர் இன்ஷூரன்ஸ் அட்டையை நீட்டினா சிரிப்பாங்க. பல கப்பல்கள் ஜெர்மன் கொடிலயே ஓடறதில்ல. ஐடா கப்பல்கள்ல இத்தாலிக் கொடி, மைன் ஷிஃப் கப்பல்கள்ல மால்டா கொடி. வெளிநாட்டு மருத்துவ இன்ஷூரன்ஸ் தனியா எடுத்துடுங்க. அப்பா அம்மாவோட விசா இன்ஷூரன்ஸ் 30,000 யூரோவுக்கு இருக்கும், ஆனா அது கப்பல்லயும் செல்லுமான்னு பாலிசில ஒரு தடவை தேடிப் பாருங்க.

ஃபோன்! கப்பல் ஏறினதும் ஏரோபிளேன் மோடு. நார்வே மண்ணுல இருக்கும்போது நம்ம ஜெர்மன் சிம் உள்ளூர் மாதிரியே வேலை செய்யும். நடுக்கடல்ல கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடிச்சுட்டா அந்த ஐரோப்பிய ரோமிங் சலுகை எதுவும் கிடையாது. ஒரு "சாப்டியா"வுக்கு ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு போயிடும்.

பீலெஃபெல்ட்லேர்ந்து எப்படிப் போறது? ஹனோவர், ஹாம்பர்க் வழியா கீல். ஜெர்மனி டிக்கெட் (2026 ஜனவரியிலேர்ந்து மாசம் 63 யூரோ) இருந்தா உள்ளூர் ரயில்கள்லயே தொத்தித் தொத்திப் போயிடலாம், ஆனா அஞ்சாறு மணி நேரம் ஆகும், ஒரு ரயில் தவறினா அத்தனையும் சரியும். ரயில் ஒரு மணி நேரம் லேட்டானா டிக்கெட் காசுல கால்வாசி திருப்பித் தருவாங்க. கப்பல் திரும்பி வராது. அதனால முதல் நாளே போய் கீல்ல ஒரு ராத்திரி தங்கிடுங்க. எந்தத் துறைன்னும் பாருங்க. கீல்ல ஓஸ்ட்ஸேகாய் ஸ்டேஷன்லேர்ந்து நடக்கற தூரம், ஓஸ்ட்டூஃபர்ஹாஃபன் தண்ணிக்கு அந்தப் பக்கம். ஹாம்பர்க்லயும் ஒண்ணுக்கு மேல இருக்கு.

செக்-இன்ல இருந்த அம்மணி என் முகவரியைப் பார்த்துட்டு, "பீலெஃபெல்ட்டா? தஸ் கிப்ட்ஸ் தொஹ் கார் நிஷ்ட்!"ன்னு சிரிச்சாங்க. அப்படி ஒரு ஊரே கிடையாதேன்னு அர்த்தம். இங்க இருக்கற ஒவ்வொருத்தரும் வாரம் ஒருக்கா கேக்கற ஜோக். அதுல விசேஷம் என்னன்னா, 1994-ல இந்த ஜோக்கை இன்டர்நெட்ல கிளப்பிவிட்டதே கீல் யுனிவர்சிட்டி மாணவர் ஆகிம் ஹெல்ட்தான். பிறந்த ஊர்லயே வந்து வாங்கிக் கட்டிக்கிட்டேன். அப்பா பயந்துபோய், "என்னடா, பேப்பர்ல ஏதும் கோளாறா?"ன்னார்.

கரையில இறங்கறது பத்தி சுருக்கமா. கப்பல் கம்பெனியோட சுற்றுலால போனா லேட்டானாலும் கப்பல் உங்களுக்காக நிக்கும், ஆனா விலை யானை விலை. சொந்தமாப் போனா மலிவு, லேட்டானா கையை ஆட்டி வழியனுப்ப வேண்டியதுதான். பெர்கன், ஸ்டவாங்கர் ரெண்டும் துறையிலேர்ந்து நடந்தே பார்க்கலாம். பெர்கன்ல குடை இல்லாம இறங்காதீங்க. கய்ராங்கர்ல கப்பல் நடுவுல நின்னு குட்டிப் படகுல கரைக்குப் போற ஏற்பாடு உண்டு, முட்டி வலிக்காரங்க இருந்தா முன்னாடியே கேட்டுக்கங்க. அந்த மாதிரி யுனெஸ்கோ ஃபியார்டுக்குள்ள புகை விடாத கப்பல்தான் வரணும்னு நார்வே சட்டம் போட்டிருக்கு. சின்னக் கப்பலுக்கு 2026-லேர்ந்தே அமல், பெரிசுகளுக்கு 2032 வரை கெடு. இப்போ பார்க்கற மாதிரி எல்லாப் பெரிய கப்பலும் அப்புறம் உள்ள போகுமான்றது அப்போதான் தெரியும்.

இவ்வளவு காசு இல்லப்பா, கப்பல் எப்படி இருக்கும்னு மட்டும் பார்க்கணும்னா, கீல்-ஓஸ்லோ கலர் லைன் இருக்கு. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை பத்துக்கு ஓஸ்லோ, நாலு மணி நேரம் ஊர் சுத்திட்டு அதே கப்பல்ல திரும்பலாம். ஒத்திகைக்கு நல்லது. பெத்தவங்களுக்குக் கடல் ஒத்துக்குமான்னும் தெரிஞ்சிடும்.

கய்ராங்கர் ஃபியார்டுக்குள்ள போகும்போது அப்பா மேல் தளத்துல ரெண்டு மணி நேரம் அசையாம நின்னார். குளிருதுப்பா, உள்ள வாங்கன்னேன். "எங்கப்பா நாகப்பட்டினத்துலேர்ந்து ராஜுலால போனார்டா பினாங்குக்கு. டெக்குலதான். பாய் விரிச்சு, டிரங்குப் பெட்டியைத் தலைக்கு வெச்சு. கீழ கேபின்ல யார் இருக்கான்னு எட்டிக்கூட பார்க்க விடமாட்டாங்களாம்"னார். ராஜுலா 1926-ல கட்டின கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு நாப்பது வருஷத்துக்கு மேல ஓடிச்சு. எங்க வீட்டுல அந்த டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கு, அரிசி போட்டு வெச்சிருக்கோம். தாத்தா கப்பலைப் பத்தி அப்பா பேசி நான் கேட்டதே இல்ல. அப்போதான் 412 யூரோ கதையை அவர்கிட்ட சொன்னேன், அதுவரைக்கும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "யாரோ அடமானம் வெச்சு மூழ்கின ஊருக்குப் போகவாடா காசு கட்டின?"ன்னு கேட்டார். திட்டினாரா சிரிச்சாரான்னு இன்னிவரைக்கும் தெரியல.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கடைசி ராத்திரி பெரிய பெட்டியை கேபின் வாசல்ல வெச்சுடணும், காலைல துறைமுகத்துல போய் எடுத்துக்கணும். அப்பா பொறுப்பா எல்லாத்தையும் மடிச்சு, பெட்டியைப் பூட்டி, பத்து மணிக்கே வாசல்ல வெச்சுட்டார். எல்லாத்தையும்னா எல்லாத்தையும். காலைல பார்த்தா ஒரு பேன்ட் கூட வெளிய இல்ல. கீல்ல வேட்டி, மேல குளிர் ஜாக்கெட்டு, கையில அம்மாவோட ரைஸ் குக்கர்னு இறங்கினார். நீங்க ஒரு பேன்ட்டை வெளிய எடுத்து வெச்சுக்கங்க.